சீட்டுக்கு ஒரு துண்டு

நியூஜெர்சி நண்பரின் மகளுக்கு முதலில் ஓர் ஆஸ்டியோபதி கல்லூரியில் இடம் கிடைத்தது. டி.ஓ. பட்டம், அங்கே அதுவும் முழு டாக்டர் படிப்புதான். இடத்தைப் பிடித்துவைக்க 2,000 டாலர் கட்டினார்கள். பிறகு ஓர் எம்.டி. கல்லூரி அழைத்தது. (நம்ம ஊர் எம்.டி. இல்லை, அங்கே அது முதல் பட்டம்.) கட்டிய பணம் திரும்பாதாம். ‘சேராத காலேஜுக்கு எதுக்கு சார் பணம்?’ என்று போனில் பொருமினார்.

கல்யாண மண்டபத்தை யோசித்தேன். முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால் வேண்டாமென்றால் மண்டபம் காலி. அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது நியாயம். மருத்துவ சீட்டுக்கோ வெயிட்டிங் லிஸ்ட்டில் ஆள் காத்திருக்கிறார். பஸ்ஸில் துண்டு போடுவதுபோல் பத்து இடத்தில் போட்டுவைப்பவர்களைத் தடுக்கத்தான் என்பார்கள். வசதியானவர் துண்டை 2,000 டாலர் எடுக்கவைக்குமா?

எம்.டி. கல்லூரிகளுக்கு அவர்கள் சங்கமான ஏ.ஏ.எம்.சி. சொல்லும் நெறிமுறை வேறு: முன்பணம் 100 டாலருக்கு மேல் வேண்டாம், ஏப்ரல் 30 வரை கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தாராள மனசு என்று நினைத்தேன். கெட்டிக்காரத்தனமும்கூட. பணம் திரும்பி வருமென்றால் பிள்ளைகள் சீக்கிரமே ‘வேண்டாம்’ என்பார்கள். வராதென்றால் என்ன அவசரம்? யாரோ ஒரு பிள்ளை மணிக்கொரு தரம் மெயில் பார்த்துக்கொண்டிருக்கும்.

‘வரலைன்னு பொண்ணு எழுதிட்டாளா?’ என்று கேட்டேன்.

‘பணமே போயிடுச்சு, மெதுவா எழுதிக்கலாம் சார்’ என்றார்.