கலியாண வீட்டில் குண்டோதரன்



சித்திரைத் திருவிழாவில் மதுரையம்பதியில் அன்னை மீனாட்சிக்கும் சோமசுந்தரக் கடவுளுக்கும் திருக்கலியாணம் நிகழ்கின்ற முகூர்த்த வேளையில், திருப்பரங்குன்றத்திலிருந்து எழுந்தருளிய பவளக்கனிவாய்ப் பெருமாள் தங்கையைத் தாரைவார்த்துக் கொடுக்க, கூடி நிற்கும் சுமங்கலிகள் தத்தம் மாங்கல்யச் சரட்டை மாற்றிக்கொள்வதையும், வந்தவர்கள் மொய் எழுதிவிட்டு விருந்துண்டு வீடு திரும்புவதையும் உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். தெய்வத்தின் கலியாணத்தை நம் வீட்டுக் கலியாணமாகப் பாவிக்கத் தெரிந்த நாம், நம் வீட்டுக் கலியாணத்தைத் தெய்வ காரியமாகப் பாவிக்க ஏன் மறந்துபோகிறோம் என்பதையே இன்று சிந்திக்க வேண்டும்.

பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடல்களுள், திருமணப் படலத்துக்குச் சற்றுப் பின்னே குண்டோதரனுக்கு அன்னமிட்ட படலம் வருகிறது. தேவரும் முனிவரும் மன்னரும் உண்டு முடித்த பின்னரும் மடைப்பள்ளியில் அன்னம் மலைமலையாகக் குவிந்து கிடப்பதைக் கண்ட பிராட்டியார், சமைத்ததில் ஒரு சிறு பகுதியும் செலவாகவில்லையே, இன்னும் உண்பார் உண்டோ என்று பெருமிதத்தோடு வினவ, பெருமான் புன்முறுவல் பூத்து, தம் பூதகணத்துள் ஒருவனாகிய குண்டோதரனை அழைத்து, அவன் வயிற்றில் வடவாமுகாக்கினியைப் போன்ற பசியை மூட்டிவிட்டார். அவன் சோற்று மலைகளை விழுங்கினான், கறிகளை விழுங்கினான், சமைக்காத அரிசியையும் விட்டுவைக்கவில்லை, பின்னும் பசி பசி என்று கதறினான். பிராட்டியார் நாணித் தலைகவிழ்ந்த பிறகே, பெருமான் அன்னக்குழிகளை வரவழைத்து அவன் பசியையும், வையையைப் பெருகச் செய்து அவன் தாகத்தையும் தணித்தருளினார். உலகாளும் அன்னையின் கலியாணத்திலேயே செல்வப் பெருமிதம் செல்லவில்லை என்றால், நம் போன்றோர் கலியாணத்தில் அது எம்மாத்திரம்!

அந்தக் குண்டோதரன் இன்றைக்கும் பத்திரிகை வைக்காமலே நம் வீட்டுக் கலியாணத்துக்கு வந்துவிடுகிறான். ஊரார் மெச்ச வேண்டுமே என்கின்ற ஆசைதான் அவன். பந்தலைப் போட்டால் மண்டபம் கேட்பான். மண்டபம் பிடித்தால் அதைவிடப் பெரிய மண்டபம் கேட்பான். இலையில் பதார்த்தங்களை அடுக்கிக்கொண்டே போகச் சொல்வான். முடிவில், கடித்த ஜாங்கிரியும் தொடாத சித்திரான்னமுமாக மடித்துப் போட்ட எச்சிலிலைகள் மண்டபத்தின் கொல்லைப்புறத்தில் குவிந்து கிடக்கும். அவன் பசியோ அடங்கியிருக்காது.

இப்பசிக்குத் தீனி போடவே கடன் வாங்குகிறோம். திருவேங்கடமுடையானே பத்மாவதித் தாயாரைக் கைப்பிடிக்கக் குபேரனிடம் கடன்பட்டான் அல்லவா என்று சிலர் சாமர்த்தியமாகக் கேட்பதுண்டு. பட்டான், உண்மை, ஆனால் அந்தக் கடனுக்கு அவன் இன்னமும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான் என்றும், அடியார்கள் உண்டியலில் சேர்க்கும் காணிக்கையெல்லாம் அதற்கே போகிறதென்றும் அல்லவா வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்! அவனுக்கு உண்டியல் இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அதுவும் இல்லை. கடனிலும் கொடியது, அச்செலவைப் பெண்ணைப் பெற்றவர் தலையில் சுமத்துவது. 1961-ஆம் ஆண்டிலேயே வரதட்சிணையைச் சட்டம் தடை செய்துவிட்டது. பெண்ணை மகாலக்ஷ்மி என்று வாயால் சொல்லிக்கொண்டு, அவளோடு வரும் பவுனை எடை பார்ப்பதைத் தருமம் அதற்கு முன்பே ஒருநாளும் ஒப்பியதில்லை.

இனி, அழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று ஆச்சாள்புரம் என்று வழங்குகின்ற திருநல்லூர்ப் பெருமணத்தில் திருஞானசம்பந்தப் பெருமான் திருமணம் நடந்தபோது, இறைவன் காட்டிய பெருஞ்சோதியில் மணமக்களும் உற்றாரும் அடியாரும் புகுந்தனர். அவர்களோடு, பல்லக்குச் சுமந்து வந்தவர்களும் ஏவல் செய்தவர்களும் புகுந்தனர் என்று சேக்கிழார் பெருமான் பாடுகிறார். நம் வீடுகளிலோ விடியற்காலையிலிருந்து நாதஸ்வரம் வாசித்தவரும், அடுப்பங்கரையில் வெந்தவரும், கடைசிப் பந்தியில் ரசம் நீர்த்துப்போன பிறகே இலையின் முன் உட்காருகிறார்கள். ஏழைப்பட்ட அத்தையோ ‘வா’ என்று கேட்க ஆளில்லாமல் தூணோரம் நிற்கிறாள். அவர்கள் மனம் குளிராத கலியாணத்தில் அக்ஷதை போட்டு என்ன, ஆசி கூறி என்ன?

எல்லாவற்றிலும் பெரிய பிழை, எதற்காகக் கூடினோமோ அதையே மறப்பது. முதல் நாள் வரவேற்பில் நள்ளிரவு வரை நின்று கால் கடுத்துப்போன மணமக்கள், பிரம்ம முகூர்த்தத்தில் ஹோமப் புகையில் கண் சிவந்து அமர்ந்திருக்க, சாஸ்திரிகள் “அக்கினியைப் பாருங்கோ” என்கிறார். படம் பிடிப்பவர் “இந்தப் பக்கம் பாருங்க” என்கிறார். பிள்ளையும் பெண்ணும் இந்தப் பக்கமே பார்க்கிறார்கள். அன்னத்துக்கும் பலத்துக்கும் விரதத்துக்கும் என்று ஒவ்வோரடியாக வைத்து, ஏழாவது அடியில் ‘நாம் நண்பரானோம்’ என்று உறுதி கூறுகின்ற சப்தபதியின் பொருளை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல அங்கே அவகாசம் இல்லை. இரவில் காட்டவேண்டிய அருந்ததியைப் பட்டப்பகலில் மண்டபத்துக் கூரையில் காட்டிவிட்டு, பந்திக்கு நேரமாயிற்று என்று விரட்டுகிறோம்.

ஆகவே அன்பர்களே, உங்கள் இல்லத்தில் கலியாணம் கூடி வருகின்றபோது முதலில் பெண்ணையும் பிள்ளையையும் தனித்தனியே அழைத்து மனப்பூர்வமான சம்மதத்தைக் கேளுங்கள். அடுத்து, கையில் உள்ள பொருள் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். அந்தக் கணக்குக்குள் அடங்குமாறு அழைப்பையும் விருந்தையும் வகுத்து, மண்டபத்தைக் கடைசியில் தேடுங்கள். சாஸ்திரிகளிடம் முன்கூட்டியே சொல்லி, மந்திரங்களின் கருத்தைத் தமிழில் விளக்கச் செய்யுங்கள். முதல் பந்தியில் உழைத்தவருக்கும் எளியவருக்கும் இலை போடுங்கள். இவ்வளவையும் செய்து, ஒரு ரூபாய் கடனும் இல்லாமல் மணமக்களைக் குடித்தனம் வைத்தீர்களானால், அதைவிடச் சிறந்த சீர்வரிசை வேறொன்றும் இல்லை.