துயர் அறிந்து வரும் விடை

குமுளியிலிருந்து ஜீப் செல்லும் மலைப்பாதை ஒன்று, பெரியாறு புலிகள் காப்பகத்தினுள் அமைந்த மங்கலதேவி கண்ணகி கோயிலை அடைகிறது. ஆண்டில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டுமே அங்கு பக்தர்களுக்கு அனுமதி. அன்று குமுளி வழியாகவும், தமிழகத்துப் பளியன்குடி வழியாகவும் அன்பர்கள் திரளாக மலையேறுகின்றனர். அவர்கள் வணங்கும் தேவி, தெய்வத்திடமே கேள்வி கேட்டவள் என்பது சிந்திக்கத்தக்கது.

கணவன் கொலையுண்டதை அறிந்த கண்ணகி முதலில் வினவியது கதிரவனை: தன் கணவன் கள்வனா? கள்வன் அல்லன் என்று விடை வந்தது. பின்னர் மதுரை வீதியில், இவ்வூரில் தெய்வமும் உண்டோ என்றே அவள் கதறினாள். இளங்கோவடிகள் அக்கேள்வியை மறைக்கவில்லை, கேட்டவளைப் பழிக்கவுமில்லை. சிலப்பதிகாரம் அவளையே பத்தினித் தெய்வமாகப் போற்றுகிறது.

இறைவனைக் கேள்வி கேட்பது பாவம் என்று அஞ்சி, உள்ளத்தில் கசப்பும் வெளியில் கூப்பிய கரமுமாக வாழ்வோர் பலர். நம் சாஸ்திரங்கள் அவ்வாறு கற்பிக்கவில்லை. நியாய தரிசனம் தன் 16 பதார்த்தங்களுள் ஐயத்தை மூன்றாவதாக வைக்கிறது. ஐயமே ஆராய்ச்சியின் வாயில். கீதை பிறந்ததும் அர்ஜுனனின் கலக்கத்திலிருந்துதான். எல்லாவற்றையும் உபதேசித்த பின்னரும் பகவான், நன்கு ஆராய்ந்து விரும்பியவாறு செய் என்றே கூறுகிறார்.

ஆயினும் எல்லாக் கேள்வியும் ஒன்றல்ல. சில கேள்விகள் சினத்தின் வேற்றுருவம். அவை விடைக்காகக் காத்திருப்பதில்லை. கண்ணகியின் சினம் மதுரையை எரித்தது. ஆனால் அந்தத் தீ அவளுக்கு விடை தரவில்லை. விடை, மதுராபதித் தெய்வத்தின் வடிவில் வந்தது.

அத்தெய்வம் எவ்வாறு வந்தது? எதிரே நின்று அதட்டவில்லை. அவளுக்குப் பின்னே வந்து, தன் குறையைக் கேட்குமாறு வேண்டியது. கண்ணகியோ, பின்னால் வருபவள் யார், என் பெருந்துயரை அறிவாயா என்று வினவினாள். அறிவேன் என்று சொன்ன பிறகே தெய்வம் கோவலனின் முற்பிறவி வினையை எடுத்துரைத்தது. 14 நாட்களுக்குப் பின் அவனைக் காண்பாய் என்றும் கூறியது. கண்ணகி அதைச் செவிமடுத்தாள். கேள்வியின் நேர்மை அங்கே நிறைவெய்துகிறது: கேட்கத் துணிந்தவள், விடையைக் கேட்கவும் இசைந்தாள்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, குமுளி அமைந்துள்ள அதே இடுக்கி மாவட்டத்தின் பெட்டிமுடியில் நிலச்சரிவு நேர்ந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் மண்ணில் புதைந்தன. 70 உயிர்கள் பறிபோயின; அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். மண்ணுக்குள் மகவைத் தேடிய தாய், இறைவா, நீ இருக்கிறாயா என்று கேட்டால், எல்லாம் முன்வினை என்று சொல்லி அவள் வாயை அடைக்க நமக்கு என்ன தகுதி? வினையின் கணக்கைச் சொல்ல வந்த தெய்வமே துயரை அறிந்தேன் என்று முதலில் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அருகில் அமர்ந்திருப்பதே நம் கடமை. கேள்வி அவளுக்கும் இறைவனுக்கும் இடையிலானது.

விடை வந்ததால் கண்ணகியின் இழப்பு இல்லாமற்போகவில்லை. நடப்பதற்கு ஒரு வழி கிடைத்தது. வைகைக் கரையோரமாக மேற்கே நடந்து, மலையேறி, வேங்கை மரத்தடியில் நின்றாள். அந்த மலையே மங்கலதேவி என்பது மக்களின் நம்பிக்கை.

குழப்பம் சூழும்போது அழகிய சொற்களைத் தேட வேண்டியதில்லை. மனத்தில் உள்ளதை உள்ளவாறே இறைவன் திருமுன் வைப்போம். பிறகு சற்று மௌனமாக அமர்ந்திருப்போம். ஒருவரிடம் கேள்வி கேட்பவர் அவரை விட்டு விலகிப் போய்விடவில்லை, அவர்முன்தான் நிற்கிறார். அந்த நிற்றலும் வழிபாடே.