ஒரு யூனிட் எவ்வளவு?

ஒரு மில்லிமீட்டர் நீளம், அதே அகலம், அதே உயரம். அந்த இடத்துக்குள் அடங்கும் நீர்தான் ஒரு மைக்ரோலிட்டர். லிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆய்வுக்கூடத்தோடு இதன் வேலை முடிந்துவிடுவதில்லை. ஸ்கூடாயிலும் மாசாயிலும் குளுவாங்கிலும் காலைப் பசியாறலுக்கு முன்பே நம் வீடுகளில் இந்த அளவு புழங்குகிறது.

2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்க, இன்றைய கருவிகள் பலவற்றுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தமே போதும்.

ஊசிக்கு வருவோம். இங்கே வழக்கமாகக் கிடைக்கும் இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். ஆக, ஒரு யூனிட் 10 மைக்ரோலிட்டர். சாதாரண நீர்ச் சொட்டு ஒன்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பேனா ஊசியை அழுத்தியதும் மெதுவாகப் பத்து எண்ணிவிட்டு எடுக்கச் சொல்வது இதனால்தான். அவசரமாக உருவி, நுனியில் அரைச் சொட்டு தொங்கினாலே இரண்டு யூனிட்டுக்கு மேல் வெளியே நின்றுவிட்டது.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அங்கே ஒரு யூனிட் 25 மைக்ரோலிட்டர். அதற்கென்றே கோடு போட்ட சிரிஞ்சும் தனியாக உண்டு. ஊருக்குப் போய்த் திரும்பும்போது மருந்தையோ சிரிஞ்சையோ பையில் வைத்துக் கொண்டுவரும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த 40 சிரிஞ்சில் இங்குள்ள மருந்தை 20ஆம் கோடு வரை இழுத்தால், உடம்பில் ஏறுவது 50 யூனிட். சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயக்கம் வரும், வலிப்பு வரும், உயிரே போகலாம். மாறாக, அங்கத்திய மருந்தை இங்குள்ள சிரிஞ்சில் இழுத்தால் 20க்கு 8 யூனிட்தான் கிடைக்கும். ஊசி தவறாமல் போட்டும் சர்க்கரை இறங்கவில்லையே என்று வீடே கவலைப்படும். பாட்டி ஒளித்து இனிப்புச் சாப்பிடுகிறார் என்று பழி விழும்.

குப்பியின் மேல் 40 அல்லது 100 என்று அச்சிட்டிருக்கும். சிரிஞ்சிலும் அதே எண் இருக்க வேண்டும். எழுத்து பொடியாக இருக்கிறது, பெரியவர்களின் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகள் படித்துப் பார்க்கட்டும். சந்தேகம் வந்தால் அன்றே குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்துக் கிளினிக்குக்கு எடுத்துப் போய், மருந்து கொடுக்கும் கவுண்ட்டரில் காட்டிக் கேளுங்கள்.