முஸாபிரா, முகீமா?

ஐப்பசி பிறந்ததும் பள்ளிக்கரணைச் சதுப்பில் வாத்துகள் வந்திறங்குகின்றன. ஊசிவால் வாத்துகள் தலையை நீருள் அமிழ்த்தி, வாலை வானுக்கு உயர்த்தி இரை தேடும். மாசி வரை பொறுத்திருந்து பார்ப்பவர்க்கு ஆண் நீலச்சிறகியின் வெண்புருவம் தெளிவாகத் தெரியும். சைபீரியாவிலும் நடு ஆசியாவிலும் குஞ்சு பொரிப்பவை இவை. அங்கே நீர் உறைந்தபின் இரை ஏது?

இவற்றை 'விருந்தாளிப் பறவைகள்' என்கிறோம். நானும் அவ்வாறே மாணவர்க்குச் சொல்லிவந்தேன். ஒருநாள் ஒரு சிறுவன் எழுந்து, "ஹஜ்ரத், வாத்துகள் இங்கே கஸ்ரு தொழுமா, முழுமையாகத் தொழுமா?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு நிலைக்கவில்லை.

ஓரூரில் 15 நாள் தங்க எண்ணியவன் ஹனபி மத்ஹபில் முஸாபிர் அல்லன், முகீம். ஷாபிஈ மத்ஹபிலோ வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக 4 நாளே போதும். பங்குனி வரை தங்கும் வாத்து எந்த மத்ஹபின்படியும் முகீம்தான்! பறவைக்கு மார்க்கச் சட்டம் இல்லையென்பதை அறியாதவனல்லேன். என் சொல்லைத் திருத்திக்கொள்ளவே இதைக் கூறுகிறேன். விருந்தாளி என்றால் நாம் வீட்டுக்காரர் ஆகிவிடுகிறோம்; இடந்தருவது நம் தயவாகிவிடுகிறது. குடியிருப்பவனுக்குத் தயவு எதற்கு? அவனுக்கு ஹக்கு உண்டு. திருமறையின் அல்அன்ஆம் அத்தியாயம் பறவைகளையும் 'உமம்' என்றே குறிக்கிறது. உம்மத்து என்பதன் பன்மை அது. நம்மை நாம் அழைத்துக்கொள்ளும் அதே சொல்.

பெருங்குடிக் குப்பைமேடு இந்தச் சதுப்பின் மீதுதான் எழுந்தது. எஞ்சியதில் சுமார் 1,250 ஹெக்டேர் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, நல்லதே. ஆனால் இச்சதுப்புக்கு நீர் தரும் ஏரிகளின் கதை வேறு. தாம்பரத்தை அடுத்த செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைக்கே செல்கிறது. அவ்வழியில் ஒரு பள்ளத்தை மேடாக்கிய மனையில்தான் என் வீடு நிற்கிறது. பத்திரம் சரியாக இருந்தது, பணமும் ஹலாலானது. 2015 டிசம்பர் மழையில் முழங்காலளவு நீர் உள்ளே வந்தது. கிதாபுகளை மேல்தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். "நாம வர்றதுக்கு முன்னாடி இந்தத் தண்ணி எங்கே இருந்துச்சு?" என்றாள் என் மனைவி. பத்திரத்தில் அதற்கு விடையில்லை. விற்றவர் கையொப்பம் இருந்தது, வாங்கியவன் கையொப்பம் இருந்தது. அந்தப் பள்ளத்தில் குளிர்காலம் கழித்தவற்றை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது பக்கத்துப் பள்ளமும் விலைக்கு வந்திருக்கிறது. வாங்கிப் போடலாம் என்கிறான் மகன். சென்ற வாரம் அதில் நான்கு வாத்துகளைக் கண்டேன். மகனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.