தோற்ற ஊருக்கே திரும்பிப் போ!

பெரிய நடிகரை அழைத்து வந்து விளம்பரத்தில் நிறுத்துவது வியாபார உலகின் வழக்கம். வீட்டு உபயோகப் பொருள் கடையான வசந்த் அண்ட் கோ விளம்பரத்தில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வந்தவர் அதன் முதலாளியே. எச். வசந்தகுமார். என் முகத்தை நம்பி வாங்கு, குறை இருந்தால் இந்த முகத்திடமே வந்து கேள் என்று ஊரறியச் சொல்ல எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! தம்பி, தங்கச்சி, உன் பெயரைச் சொல்லி நாலு பேர் முன்னால் நிற்கவே கூசுகிறாய். இவர் கதையைக் கேள்.

1950-இல் கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீசுவரத்தில் பிறந்தவர். சென்னையில் அவர் தொழில் கற்ற இடம் வி.ஜி.பி. நிறுவனம், அங்கே விற்பனையாளர் வேலை. கையில் மொத்தப் பணம் இல்லாத குடும்பங்களுக்கும் தவணை முறையில் பொருள் கொடுத்துப் பெயர் வாங்கிய நிறுவனம் அது. தவணை வியாபாரம் லேசான காரியம் அல்ல. பொருள் முதலில் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விடும். பணம் மாதாமாதம்தான் வரும். ஆளைப் பார்த்து எடைபோடத் தெரிய வேண்டும். "வேண்டாம்" என்று சொன்னவரிடமும் முகம் சுளிக்காமல் அடுத்த மாதம் பேசத் தெரிய வேண்டும். எந்தக் கல்லூரி இதைச் சொல்லித் தரும்?

1978-இல் சொந்தக் கடை, அதுதான் வசந்த் அண்ட் கோ. சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. டிவி, ஃபிரிட்ஜ், மிக்சி, கிரைண்டர் எல்லாம் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்த காலம். அதிர்ஷ்டம் என்கிறாயா? அந்தக் காலம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. கடையைத் திறந்து வைத்திருந்தவருக்கு அது பயன்பட்டது. ஒரு கடை பல ஊர்களில் கிளைகளாக விரிந்தது. 2008-இல் வசந்த் டிவியும் வந்தது.

"அவர் அண்ணன் குமரி அனந்தன் ஆயிற்றே" என்று இழுப்பவர்கள் உண்டு. உண்மைதான், அண்ணன் காங்கிரசின் பெரும் பேச்சாளராக இருந்தவர். ஆனால் அண்ணனின் மேடைப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் தம்பி கடையில் கிரைண்டர் வாங்கிவிட மாட்டார்கள்!

இனி நான் சொல்லப்போவதைத்தான் நீ மனசில் பதித்துக்கொள்ள வேண்டும். 2006-இல் நாங்குநேரி தொகுதி காங்கிரஸ் வேட்பாளரான அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 2011-இல் அதே நாங்குநேரி அவரைத் தோற்கடித்தது. 2014-இல் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் நின்றார். தமிழகத்தில் காங்கிரஸ் தனித்து நின்று, பெரும்பாலான வேட்பாளர்கள் டெபாசிட்டைப் பறிகொடுத்த தேர்தல் அது. பாஜகவின் பொன். இராதாகிருஷ்ணனிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றார். சொந்த மாவட்டத்திலேயே தோல்வி!

மூன்று ஆண்டு இடைவெளியில் இரண்டு தோல்வி. அறுபது வயதைத் தாண்டிய பெரும் முதலாளி. கடையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருந்தால் யாராவது குறை சொல்லியிருப்பார்களா? அவர் என்ன செய்தார் தெரியுமா? 2016-இல் தன்னைத் தோற்கடித்த அதே நாங்குநேரிக்குப் போய் வாக்குக் கேட்டார், வென்றார். 2019-இல் அதே கன்னியாகுமரி, அதே பொன். இராதாகிருஷ்ணன், அப்போது அவர் மத்திய இணையமைச்சர். இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வசந்தகுமார் வென்றார்!

"பணம் இருந்தது, ஜெயித்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதே. 2019 வேட்புமனுவில் அவர் காட்டிய சொத்து 400 கோடி ரூபாய்க்கு மேல், மறுக்கவில்லை. 2011-இலும் 2014-இலும் அவர் ஏழையா என்ன? பணம் இருந்தும்தானே தோற்றார்! அலையும் கூட்டணியும் 2019-இல் துணை நின்றன என்பதும் சரியே. ஆனால் அந்த அலை வந்தபோது வேட்பாளராக நிற்க ஆள் வேண்டுமே. தோல்வியோடு வீட்டுக்குப் போனவரை எந்த அலையும் தேடி வந்து தூக்குவதில்லை. விற்பனையாளராக இருந்தபோது கற்ற பாடம்தான் அவரை மறுபடியும் நிற்க வைத்தது என்பது என் உறுதியான எண்ணம்.

2020 ஆகஸ்ட் 28 அன்று கொரோனா அவரைக் கொண்டுபோனது. அப்போது வயது 70, கன்னியாகுமரியின் எம்.பி.யாகவே மறைந்தார்.

நீ எத்தனை முறை கேட்டுவிட்டு ஒதுங்கினாய்? ஒரு நேர்முகத் தேர்வில் தேறவில்லை என்று அந்த நிறுவனத்தின் பெயரையே வெறுக்கிறாய். வங்கி மேலாளர் ஒருமுறை கடன் மறுத்ததும் தொழில் கனவைச் சுருட்டி வைத்துவிட்டாய். போதும், எழுந்திரு! சென்ற முறை உன்னிடம் என்ன குறை என்று நேர்மையாக எழுதிப் பார். அதைச் சரிசெய். பிறகு வேறு இடம் தேடாதே. உன்னை மறுத்தவரிடமே போய், நிமிர்ந்து நின்று, மறுபடியும் கேள்!