இடஞ்சுழித் தென்னை

மாலை நேரம். 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த கிறித்தவக் கல்லூரியின் புதர்க்காட்டு ஓரத்தில் குருவும் சீடனும் நடக்கிறார்கள்.

சீடன்: ஐயா, சேலையூர்த் தெருக்களில் தென்னைகளை அண்ணாந்து பார்த்தேன். சிலவற்றில் மட்டைகள் இடமாகச் சுழன்று ஏறுகின்றன, சிலவற்றில் வலமாக. இடஞ்சுழிதான் அதிகம். இயற்கைத் தேர்வின் வேலை என்று எழுதலாமா?

குரு: எத்தனை மரம்?

சீடன்: எண்ணவில்லை.

குரு: நாற்பது என்று வைத்துக்கொள். 23 இடம், 17 வலம். காசு சுண்டிச் சுழியைத் தீர்மானித்தாலும் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் நூற்றுக்கு நாற்பது தடவை வந்துவிடும்.

சீடன்: அப்படியென்றால் இரண்டும் சமம்தானா?

குரு: அதுவும் சொல்ல முடியாது. தற்செயலை விலக்க முடியவில்லை, அவ்வளவுதான். நானூறு மரத்தில் 230 இடமாக இருந்தால், காசு அப்படி விழுவது ஆயிரத்தில் மூன்று தடவைதான். அப்போது ஏதோ இருக்கிறது என்பேன்.

சீடன்: அந்த ஏதோதானே தேர்வு!

குரு: பொறு. டி. ஏ. டேவிஸ் என்ற தாவரவியலாளர் இடஞ்சுழி மரங்கள் காய் அதிகம் தருவதைக் கண்டார். உன்னைப் போல அங்கேயே நிற்கவில்லை. இடத்தோடு இடம், இடத்தோடு வலம் என்று எல்லாச் சேர்க்கைகளின் கன்றுகளையும் பார்த்தார். எந்தச் சேர்க்கையிலும் கன்றுகள் ஏறக்குறையப் பாதிப் பாதி. மரபியலாளர் ஹால்டேன் நடத்திய மரபியல் இதழில் 1962இல் அதை எழுதினார். பிள்ளைக்கு இறங்காத குணத்தைத் தேர்வு எதைக் கொண்டு பிடிக்கும்?

சீடன்: குட்டை, நெட்டை மரபில் இறங்குமே? எங்கள் தெருவில் பத்துக் குட்டை மரங்கள், எல்லாம் காய்த்துக் குலுங்குகின்றன. குட்டைதான் நன்றாகக் காய்க்கும் என்பதற்குப் பத்துச் சாட்சிகள்!

குரு: நெற்று எங்கே வாங்கியது?

சீடன்: எதிர்வீட்டுப் பாட்டி கொடுத்தார். எல்லாம் ஒரே மரத்து நெற்று.

குரு: பத்துச் சாட்சிகள் இல்லையப்பா, ஒரே குடும்பம் பத்துக் குரலில் பேசுகிறது. உயிரினங்களும் இப்படித்தான். உறவுள்ள இனங்கள் ஒத்திருப்பது மூதாதை தந்த சொத்தாக இருக்கலாம். ஒவ்வோர் இனத்தையும் தனிச் சாட்சியாக எண்ணிய பிழையை ஜோசப் ஃபெல்சென்ஸ்டைன் என்ற உயிரியலாளர் 1985இல் ஒரு கட்டுரையில் திருத்தினார். குலமரம் கிளை பிரியும் இடங்களில் ஏற்பட்ட வேறுபாடுகளை ஒப்பிடச் சொன்னார். எனக்கு அந்தக் கட்டுரைமேல் தீராத மரியாதை.

சீடன்: நாளை நோட்டோடு கிளம்புகிறேன். நெற்று யார் கொடுத்தது என்று விசாரித்த பிறகே எண்ணுவேன்.

குரு: மாடம்பாக்கம் வரை போ. ஒரு தெருவோடு திரும்பிவிடாதே.