கல்வியும் பிறந்த மண்ணும்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் எவரும் அவனை இழப்பதற்காக அனுப்புவதில்லை. அவன் உயர வேண்டும் என்பதே அவர்தம் விருப்பம். ஆனால், உயர்வு என்பது ஊரை விட்டு அகல்வதாகவே முடியுமாயின், அந்தக் கல்வி ஊருக்குச் செய்தது நன்மையா, தீமையா? கற்றவன் தன்னை வளர்த்த மண்ணுக்குக் கடன்பட்டவனா, இல்லையா? இவ்வினாக்களை ஏட்டளவில் ஆராய்வதைவிட, ஒரு சிற்றூரின் வாழ்வை முன்னிறுத்தி ஆராய்வது பயன்தரும்.

சரவாக் மாநிலத்தின் வடகிழக்கில், இந்தோனேசிய எல்லையை ஒட்டி, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் பாரியோ என்னும் மேட்டுச் சமவெளி உள்ளது. மலையும் காடும் சூழ்ந்த அவ்விடம் கெலாபிட் மக்களின் தாயகம். மலேசியாவின் மிகச் சிறிய இனங்களுள் ஒன்றான அவர்களின் தொகை சில ஆயிரமே. முற்காலத்தில் அங்கிருந்து மாருடிக்குச் செல்வோர் காட்டு வழி நடந்தும் ஆற்று வழி படகேறியும் வாரக்கணக்கில் துன்புற்றனர். பின்னர்ச் சிறு வானூர்தி வந்தது. மிரியிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையலாம் என்னும் நிலை ஏற்பட்டது. ஆயினும், மேகம் கவிந்தால் அவ்வழி அடைபடும். இந்நூற்றாண்டில் வெட்டுமரத் தொழிலுக்காக அமைந்த மண்சாலையும் ஊரை எட்டியது. மழை பெய்தால் அது சேறாகும். வெளியிலிருந்து வரும் எப்பொருளும் ஏற்றுக்கூலி சேர்ந்து, நகரத்தைவிட மிகுந்த விலைக்கே அங்குக் கிடைக்கும்.

இத்தகைய தனிமையை வறுமை என்று மட்டும் கொள்வது பிழை. மலைநீரைத் தேக்கி வயலாக்கி, எருமைகளை விட்டு மிதிக்கச் செய்து, ஆண்டுக்கு ஒரு போகமாக அம்மக்கள் விளைவிக்கும் பாரியோ அரிசி நாடறிந்தது. கடலுக்கு எட்டாத அம்மலையில் உவர் ஊற்றுகள் உள்ளன. அவற்றின் நீரைக் காய்ச்சி உப்பெடுத்து இலையில் பொதிந்து வைப்பர். நீண்ட வீடுகளில் பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்வது அவர்தம் மரபு. முதற்குழந்தை பிறந்தால் பெற்றோர் தம் பெயரையே மாற்றிக்கொள்வர். பாட்டனும் பாட்டியும் புதுப்பெயர் ஏற்பர். ‘இராவ் பெகா ஙாடன்’ எனப்படும் அவ்விழாவில் ஊரே கூடி உண்ணும். ஒருவன் யார் என்பது அவன் யாருக்கு என்ன உறவு என்பதைப் பொறுத்தது என்னும் நெறியை இதைவிடத் தெளிவாக எந்நூல் கூறும்?

இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1945 மார்ச்சில், டாம் ஹாரிசன் தலைமையில் நேசநாட்டு வீரர் சிலர் வான்குடை வழி அங்கு இறங்கினர். மறு ஆண்டே பா மைன் என்னும் இடத்தில் பள்ளி தோன்றியது. 1963 முதல் 1966 வரை நீடித்த மலேசிய இந்தோனேசிய மோதலின்போது, எல்லையோரச் சிற்றூர் மக்கள் பலர் பாதுகாப்புக் கருதிப் பாரியோவில் குடியமர்த்தப்பட்டனர். இம்மாற்றங்களுக்கு இடையே கெலாபிட் மக்கள் கல்வியை இறுகப் பற்றினர். மேல்வகுப்புகளுக்குப் பிள்ளைகள் மாருடிக்கும் மிரிக்கும் செல்ல வேண்டியிருந்தது. சென்றவர்கள் படித்தனர், பட்டம் பெற்றனர், உயர்பதவிகளை அடைந்தனர். 2005-ஆம் ஆண்டில் நாட்டின் தேசிய விமான நிறுவனத்திற்குத் தலைமையேற்ற இட்ரிஸ் ஜாலா அம்மலை மண்ணின் மைந்தரே. வானூர்தியின் வரவை நோக்கிக் காத்திருந்த ஊர், வானூர்தி நிறுவனத்தையே நடத்தும் ஒருவரை நாட்டுக்கு அளித்தது.

இது பெருமை, ஆனால், விலை கொடுத்துப் பெற்ற பெருமை. இன்று கெலாபிட் மக்களுள் பெரும்பாலோர் வாழ்வது நகரங்களில். வயலில் இறங்க இளைஞர் இல்லாத குடும்பங்கள், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் கூலியாட்களை நம்பியுள்ளன. பிள்ளைகளின் பட்டமளிப்புப் படம் சுவரை அழகுசெய்கிறது. அதன் கீழே அமர்ந்திருக்கும் முதியவருக்கு விறகு பிளந்து தர ஆளில்லை. இக்காட்சியில் குற்றவாளி யார்?

சென்றவனே குற்றவாளி என்பர் சிலர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்னும் பழமொழி, உப்பையே காய்ச்சி எடுக்கும் அம்மலைக்கு மிகவும் பொருந்தும் என்பது அவர் வாதம். ஆனால், நினைப்பது வேறு; கட்டுண்டு கிடப்பது வேறு. பிறந்த இடம் எவனும் தேர்ந்துகொண்டதன்று. மலையில் பிறந்தான் என்பதற்காக ஒருவன் மலையிலேயே வாழ்ந்து மடிய வேண்டுமெனச் சொல்வது அறமாகாது. நகரத்து வசதிகளை நுகர்ந்துகொண்டே, “அவ்வூர் மாறாமல் இருக்க வேண்டும்” என்று விரும்புவோர், பிறருடைய இடரைத் தம் கண்ணுக்கு விருந்தாக்குபவரே.

அவ்வாறாயின் கடன் என ஒன்றும் இல்லையா? உண்டு. திருவள்ளுவர் ‘ஒப்புரவறிதல்’ எனத் தனி அதிகாரமே வகுத்தார். நல்லோனிடம் சேர்ந்த செல்வத்தை ஊர் நடுவே பழுத்த பயன்மரமாக அவர் காண்கிறார். கல்வியும் செல்வமே. அம்மரம் வேற்றூரில் பழுத்தாலும், கனியில் ஒரு பங்கு வேர்விட்ட மண்ணை அடைதல் வேண்டும். உடலால் திரும்புவது ஒன்றே அதற்கு வழியன்று. 1990-களின் இறுதியில் சரவாக் மலேசியப் பல்கலைக்கழகம், கதிரவனின் ஆற்றலாலும் செயற்கைக்கோளின் துணையாலும் பாரியோவிற்குக் கணினித் தொடர்பு அமைக்க முற்பட்டது. அம்முயற்சியில் ஈடுபட்ட மானிடவியல் அறிஞர் போலின் பாலா கெலாபிட் இனத்தவர். கற்பதற்காக ஊரைப் பிரிந்த ஒருவர், கற்றதைக் கொண்டே ஊரின் தனிமையைக் குறைக்க முனைந்தார். பிரிவு வேறு, துறவு வேறு என்பதற்கு இது சான்று.

தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை அறிந்தவர்க்கு இச்சிக்கல் புதிதன்று. அங்கும் பிள்ளைகள் படித்து வெளியேறினர். பள்ளிகளில் மாணவர் தொகை குறைந்தது. எனினும், ஒரு வேறுபாடு உண்டு. தோட்டத்து மண் தொழிலாளிக்கு உரியதன்று. அதைவிட்டு அகன்றவன் இழந்தது உறவும் நினைவும். கெலாபிட் இளைஞனோ தன் முன்னோர் திருத்திய வயலையும் பிரிகிறான். அவன் மறந்தால், அம்மண்ணின் பெயர்களையும் ஊற்றுகளையும் நினைவிற்கொள்ள வேறு எவரும் இலர். எனவே அவன் கடன் பெரிது.

ஆயினும், முழுச் சுமையையும் அவன் தோளில் ஏற்றுவது நேர்மையன்று. மருத்துவமும் மேற்கல்வியும் வருவாயும் நகரத்தில் மட்டுமே கிடைக்குமாயின், இளைஞன் ஊரை விட்டுப் போனான் என்பதைவிட ஊர் அவனைத் தாங்க இயலாமல் போயிற்று என்பதே உண்மை. இருப்பதற்கும் போவதற்கும் இரு வழிகளும் திறந்திருந்தால்தான் அதற்குத் தேர்வு என்று பெயர். அவ்வழியைத் திறப்பது சமுதாயத்தின் கடமை.

இறுதியாக, பள்ளிக்கும் ஒரு பொறுப்பு உண்டு. “படிக்காவிட்டால் வயலில்தான் கிடப்பாய்” என்று ஓர் ஆசிரியர் மாணவனை அச்சுறுத்தும்போது, அவனுக்குச் சோறிடும் தந்தையை அவன் கண்முன்னே தாழ்த்துகிறார். அச்சொல் மாணவனைப் படிக்க வைக்கலாம். திரும்பிப் பார்க்க விடாது. உழவும் அறிவே, ஊரும் பாடமே எனக் கற்ற பிள்ளை எங்குச் சென்றாலும் வேரறுந்து போகான். சிறகு தருவது கல்வியின் தொழில். கூட்டை இகழக் கற்பிப்பது அதன் தொழிலன்று.